சிக்கோரி கலந்த சம்பளம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சன்மானச் சீட்டு அனுப்பினார். அதில் இருந்தது என் பெயர் இல்லை. என்னோடு ஒரே வருடத்தில் எழுத வந்தவர், ஒரே மேடையில் ஒரே மாதிரிப் பொன்னாடை போர்த்தப்பட்டவர், அவர் பெயர். நாற்பது நொடிக்குள் செய்தி அழிக்கப்பட்டு, 'மன்னிக்கவும், தவறுதலாக' என்று ஒரு கும்பிடு வந்து சேர்ந்தது. அந்த நாற்பது நொடியில் நான் சீட்டைத் திறக்கவில்லை. நற்பண்பு என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. மங்கலான சின்னப் படத்தில் தொகையின் நடுவே ஒரு காற்புள்ளி மட்டும் தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் இருந்தது ஓர் இலக்கமா, இரண்டா என்று தெரியவில்லை.

அன்று மதியம் வரை என் சன்மானத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலையிலிருந்து உண்டு.

இதை அப்படியே எழுதினால் பொறாமை என்பார்கள். அதனால் கொல்கத்தாவில், பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் சௌந்தரராஜன் என்பவன் தலையில் தூக்கிப் போடுகிறேன். வேறு ஊரில், வேறு தொழிலில், வேறொருவனுக்கு நடந்துவிட்டால் அதற்குப் பெயர் இலக்கியம்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

(அ) 'சரத்கால வானில் மேகங்கள் பஞ்சுப் பொதிகளாய் மிதந்த ஒரு காலையில், சௌந்தரராஜன் தன் வாழ்வின் மதிப்பு என்னவென்று—'

நிறுத்திவிட்டேன். செப்டம்பர் மாதத்துக் கொல்கத்தாவைப் பற்றி எழுதுகிற யாரும் அந்தப் பஞ்சுப் பொதியை விட்டதில்லை. தவிர, சௌந்தரராஜன் காலையில் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. சால்ட் லேக் செக்டார் ஃபைவுக்குப் போகிற பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆள்.

(ஆ) 'உலகமயமாக்கலுக்குப் பிந்தைய ஊதிய உறவுகளில் ஒப்பீட்டு மனநிலை என்பது—'

இது ஒரு கருத்தரங்குக்கு எழுதியது. தவறி இங்கே வந்துவிட்டது. அங்கே சன்மானமே கிடையாது. சால்வையும் மதியச் சாப்பாடும்தான்.

(இ) செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளப் பையன்கள் சந்தா கேட்டு வந்தார்கள்.

இது போதும்.

பையன்கள் என்று சொல்வது வழக்கம். அவர்களில் இளையவருக்கு நாற்பத்தெட்டு வயது. சந்தின் துர்கா பூஜையை நடத்துவது நவோதய சங்கம் என்ற அவர்களுடைய கிளப்தான். மற்ற ஊர்களில் கோயில் வசூலுக்கு வருகிறவர்கள் 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்பார்கள். இவர்கள் உங்களால் எவ்வளவு முடியும் என்பதை ஏற்கெனவே ரசீதில் எழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு தொகை மாறும். வீட்டுக்காரரின் சம்பளத்தை விசாரித்துத்தான் போடுகிறார்கள் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். எப்படி விசாரிக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

சௌந்தரராஜனுக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று. அவனுக்குச் சந்தோஷம்தான். மரியாதைக்கு ஓர் ஐந்நூறைக் குறைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் வந்தவர் ரசீதைக் கிழிப்பதற்காகப் புத்தகத்தைப் புரட்டினார். முந்தைய ரசீதின் அடிக்கட்டை கண்ணில் பட்டது.

ராம்கி, நான்காம் மாடி: ஐயாயிரத்து ஒன்று.

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ராம்கி யார் என்று சொல்லியாக வேண்டும். பதினோரு வருடம் முன்பு, ஒரே திங்கட்கிழமை, ஒரே நிறுவனத்தில், ஒரே சம்பளத்தில் சௌந்தரராஜனோடு வேலைக்குச் சேர்ந்தவன். ஐந்து வருடம் முன்பு சாலைக்கு எதிர்ப்பக்கத்து நிறுவனத்துக்குத் தாவிவிட்டான். இருவரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். இவன் இரண்டாம் மாடி, அவன் நான்காம் மாடி. ராம்கிக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பாரத்தில் கையெழுத்துப் போட்டதே சௌந்தரராஜன்தான். அவனுடைய கொலஸ்ட்ரால் அளவு தெரியும், மாமனாரோடு ஏன் பேச்சில்லை என்று தெரியும், ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் அறைக்குள் சொன்னது எல்லாம் தெரியும். சம்பளம் மட்டும் தெரியாது. அதைக் கேட்பது அநாகரிகம் இல்லையா?

3

"ஐயாயிரத்து ஒண்ணு! ராம்கிக்கு!"

"அதுக்கு நீங்க ஏன் குதிக்கறேள்? அவர்னா குடுக்கணும்" என்றாள் மாதங்கி. சௌந்தரராஜனின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் நாற்பது விடைத்தாள் வைத்திருந்தாள்.

"நமக்கு வெறும் ஆயிரத்தஞ்ஞூறு."

"பெருமாள் நல்லவர். குடுத்துட்டு வந்து உக்காருங்கோ."

"உனக்குப் புரியலை. அவா சும்மா போடறதில்லை. சம்பளத்துக்குத் தகுந்தாப்பலதான் போடுவா. அப்படீன்னா அவன் என்னைவிட மூணு மடங்கு வாங்கறான்!"

"மூணு இல்லை. மூணேகாலுக்கும் கொஞ்சம் மேல."

தப்பான கணக்கைத் திருத்தாமல் விட அவளால் முடியாது. யாருக்கு வலிக்கிறது என்பது அடுத்த கேள்வி.

"நீ யார் பக்கம்?"

"நான் விடைத்தாள் பக்கம்." அவள் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பதினோரு வருஷமா நமக்கு இது போதும் மாதங்கி, போதும் மாதங்கின்னு சொல்லிண்டிருந்தேள். நேத்திக்கு, திங்கக்கிழமைகூடப் போதும்தானே? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எப்படிப் போறாமப் போச்சு?"

(மாதங்கி இப்படிப் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் பகுதியிலேயே கதையின் சாரத்தைப் போட்டு உடைக்கும் பாத்திரங்கள் எழுதுகிறவனுக்குப் பெரிய தொல்லை. ஆகையால் அடுத்த வரைவில் அவளைத் திருச்சிக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை. வீட்டில் காபி போட ஆளில்லாமல் கதை நின்றுபோயிற்று.* மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டேன்.)

* சௌந்தரராஜனே போட்டுக்கொள்ளலாமே என்று வாசகி ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. அவனுக்கு நன்றாகவே போடத் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.

4

ஒரு ரசீதுக்காக ஒரு மனிதன் இப்படி ஆடுவானா என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகம் எனக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம் அவனுக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அவன் தன் அலுவலகத்தின் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதன் கடைசிக் கட்டம்: 'எதிர்பார்க்கும் ஊதியம்.'

பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் அவன் 'நிறுவன நெறிகளின்படி' என்று எழுதிவந்தான். இந்த வருடம் கட்டம் எழுத்துக்களை ஏற்காது; எண் மட்டும்தான். புது மென்பொருள்.

எண் எழுதுவதில் உள்ள ஆபத்தை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். போன வருடம் வேறொரு பிரிவில் சோதனையாக இதைச் செய்தார்கள். அங்கே வெங்கடராமன் என்பவன் கொஞ்சம் பெரிய எண்ணாக எழுதினான். கூப்பிட்டு உட்காரவைத்து, மிக மிருதுவான குரலில், 'இந்த எண் உங்களுக்கு எங்கே கிடைத்தது?' என்று கேட்டார்கள். அடுத்த மாதம் அவனுக்குப் பைனாப்பிள் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. சௌந்தரராஜன் இரண்டு துண்டு சாப்பிட்டான். ரமேஷ்பாபு என்ற இன்னொருவன் பயந்துபோய்ச் சின்ன எண்ணாக எழுதினான். கேட்டதை அன்றே கொடுத்துவிட்டார்கள். மேலாளர் கண் கலங்கிக் கைகுலுக்கினாராம். அதிலிருந்து ரமேஷ்பாபு யாரோடும் பேசுவதில்லை.

ஆக, கேக்குக்கும் கைகுலுக்கலுக்கும் நடுவே ஓர் எண் வேண்டும். இணையத்தில் தேடினான். அவனுடைய வேலைக்கு, அவனுடைய அனுபவத்துக்கு 'சந்தை நிலவரம்' என்று ஒரு வீச்சு காட்டியது. வாசல் காவலாளியும் நிறுவனத் தலைவரும் அதற்குள் தோளோடு தோள் உரசி நிற்கலாம்.

உலகத்தில் அவனோடு ஒப்பிடத்தக்க ஒரே ஜீவன் ராம்கி. ஒரே படிப்பு, ஒரே திங்கட்கிழமை. ராம்கி வாங்குவது தெரிந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம். கேக்கே வந்தாலும் நியாயமான கேக்.

5

புதன்கிழமை காலை லிஃப்டில் ராம்கி இருந்தான். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் கம்பிக் கதவு போட்ட பழைய ஆசாமி; ஒவ்வொரு மாடியிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். சௌந்தரராஜன் இரண்டாம் மாடியில் ஏறினான்.

"என்னடா சௌந்தர், கிளப்காரா வந்தாளா?" ராம்கியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்தா வந்தா."

"எவ்வளவு தீட்டினான்?"

"உனக்கு எவ்வளவு?"

"நான்தானே முதல்ல கேட்டேன்."

"நீதானே முதல்ல ஏறினே."

லிஃப்ட் முதல் மாடியில் நின்று யோசித்தது. யாரும் ஏறவில்லை. ராம்கி காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் ஒரு பரிவு இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்கிற பரிவு.

"ஐயாயிரத்து ஒண்ணு" என்றான் சௌந்தரராஜன்.

(இதை நான் திட்டமிடவில்லை. 'சௌந்தரராஜன் உண்மையைச் சொல்லிவிட்டு லேசான மனதுடன்—' என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடிவதற்குள் அவன் சொல்லிவிட்டான்.)

ராம்கியின் சிரிப்பு இருந்த இடத்தில் இல்லை.

"அப்படியா? ஓ. எனக்கும் அதான்."

"ஓ."

"சரி. பஸ் வந்துடும்."

"ஆமா, வந்துடும்."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். அன்று ராம்கி முன்பக்கம் ஏறினான், சௌந்தரராஜன் பின்பக்கம் ஏறினான்.

இடத்தைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் சௌந்தரராஜனுக்கு உறைத்தது. ஒவ்வொரு வருடமும் பந்தல் வாசலில் ஒரு பெரிய பலகை வைப்பார்கள். சந்தா கொடுத்தவர் பெயர், எதிரே தொகை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

6

மறுநாள் சாயங்காலம் லேக் மார்க்கெட் பக்கம் சின்னசாமி கடைக்குப் போனான். அப்பளம், புளி, காபிப்பொடி எல்லாம் அங்கேதான். சின்னசாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; முப்பது வருடமாக இங்கே கடை.

"கால் கிலோ காப்பிப்பொடி. வழக்கம்போல."

"அறுபது நாப்பது" என்று சொல்லிக்கொண்டே சின்னசாமி டப்பாவைத் திறந்தார். அறுபது பங்கு காபி, நாற்பது பங்கு சிக்கோரி. "போன வாரங்கூடக் கிளப்புக்காரவுககிட்ட உங்க வீட்டப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன் சார்."

"என்னத்தைச் சொன்னேள்?"

"அதான், அறுபது நாப்பதுன்னு."

சௌந்தரராஜன் பையைக் கீழே வைத்தான்.

"வருசா வருசம் வருவாகள்லா சார். வங்காளி வீடுன்னா அவுகளுக்குக் கஷ்டமில்ல. மீன்கார அம்மாகிட்டக் கேட்டாப் போதும். முழுசா ரெண்டு கிலோ இலிஷ் மீனு வாங்குதவரா, வெட்டுன ரூயி மீனுல கால் கிலோ வாங்குதவரா? சம்பளம் தெரிஞ்சுபோவும். உங்க ஆளுக வீட்டுல மீன் ஏறாது. அவுக எப்படிக் கண்டுபிடிப்பாக? பாவம், ரெண்டு மூணு வருசம் தெணறிப்போயிட்டாக. பொறவு இங்க வந்து காப்பிய வச்சுப் பாக்க ஆரம்பிச்சாக."

"காப்பியை வச்சா?"

"மேல்மாடி ராம்கி சார் வீட்டுக்கு உசந்த பீபெரிக் கொட்டை, சுத்தமா அரைச்சது. சிக்கோரி ஒரு சிட்டிகை கெடையாது. உங்களுக்கு நாப்பது. நான் அம்புட்டுத்தான் சொன்னேன். மிச்சக் கணக்கு அவுக போட்டுக்கிட்டாக."

"சின்னசாமி! எனக்கு சிக்கோரி பிடிக்கும்! ருசிக்காகப் போடறது! டிகாக்ஷன் கெட்டியா வரணுமேன்னு!"

சின்னசாமி டப்பாவை மூடினார். பிறகு கனிவாகச் சொன்னார்: "எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக சார்."

அரைக் கிலோ பீபெரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாதங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என்ன இது, கஷாயம்?"

"பீபெரி. ராம்கி ஆத்துல இதான்."

"அவருக்கு சிக்கோரி போட்டா நெஞ்சைக் கரிக்கறதுன்னு டாக்டர் நிறுத்திட்டார். அவர் ஆத்துக்காரியே சொன்னா. உங்களுக்கும் கரிக்க ஆரம்பிச்சுடுத்தா?"

இதோ பாருங்கள், மறுபடியும் மாதங்கி. சௌந்தரராஜன் இதைக் கேட்டதும் நின்று யோசித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பீபெரிக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே ஐயாயிரத்து ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே— ஆனால் அவன் நின்று யோசிக்கவில்லை. காரணம் எளிது. காபி தப்பாகக் காட்டியிருந்தால், ராம்கியின் உண்மைச் சம்பளம் இன்னும் அதிகமாகவும் இருக்கலாம் அல்லவா?

7

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டான். சம்பளச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்தேகால் மணிக்குக் கிளப்புக்குப் போனான். சீட்டை எதற்கு எடுத்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும், இன்னும் பத்து வரியில் அது தேவைப்படப்போகிறது.

வாசலில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடப் பந்தலின் கருப்பொருள் 'எளிமை'. எளிமைக்கான மூங்கில் அசாமிலிருந்து நான்கு லாரிகளில் வந்திருந்தது.* உள்ளே, கேரம் போர்டையே மேஜையாக வைத்துக்கொண்டு காரியதரிசி ஷ்யாமல்தா உட்கார்ந்திருந்தார். (வங்காள மொழியில் தாதா என்றால் அண்ணன்; பெயரோடு ஒட்டினால் வெறும் தா.) அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். எதிரே நீளமான சிவப்பு அட்டை நோட்டு.

* இந்த மூங்கில் நக்கல் கதைக்குத் தேவையில்லை. எடுத்துவிடத்தான் இருந்தேன். ஆனால் வார்த்தைக்கு இவ்வளவு என்று சன்மானம் தருகிற பத்திரிகையாக இருந்துவிட்டால்?

"பொஷுன், சௌந்தர்பாபு, பொஷுன்" என்று நாற்காலியைக் காட்டினார் ஷ்யாமல்தா. அவர் வங்காள மொழியிலும் இந்தியிலும் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "குறைக்க வேண்டும், அவ்வளவுதானே? எவ்வளவு? ஆயிரம் போதுமா?"

"இல்லை தாதா. கூட்ட வேண்டும். ஐயாயிரத்து ஒன்றாக."

ஷ்யாமல்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டவா? அதற்கு விதிமுறை இருக்கிறது. குறைக்க ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் அழுதால் போதும். கூட்டுவதென்றால் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு."

"எதற்கு?"

"இரண்டு வருடம் முன்பு குண்டுபாபு என்ன செய்தார் தெரியுமா? தானாகவே பத்தாயிரத்து ஒன்று என்று ரசீது போட்டுக்கொண்டார். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது. நமக்கு இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. அதிலிருந்து தகுதிக்கு மேல் சந்தா வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டோம்."

சௌந்தரராஜன் சட்டைப்பையில் கைவிட்டான். ஷ்யாமல்தா சீட்டை விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி, பிடித்தமெல்லாம் கழிந்த கடைசி வரியில் நின்றார். நோட்டைத் திறந்து, அவன் பெயருக்கு எதிரே கிளப் கணித்து எழுதியிருந்த சம்பளத்தோடு சரிபார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்கள்! இருநூறு ரூபாய்கூட வித்தியாசமில்லை! ஆயிரத்து ஐந்நூற்று ஒன்றுதான் சரி. காபி பொய் சொல்லாது, சௌந்தர்பாபு."

பதினோரு வருட உழைப்பை ஒரு மனிதர் கால் கிலோ காபிப்பொடியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். சௌந்தரராஜன் சீட்டை மறுபடி நான்காக மடித்தான்.

"ராம்கிக்கு மட்டும் ஐயாயிரத்து ஒன்று போட்டிருக்கிறீர்கள்?"

"போட்டிருந்தோம்" என்றார் ஷ்யாமல்தா. "இன்று காலை அவர் வந்தார். அவரும் கூட்டத்தான் சொன்னார். ஏழாயிரத்து ஒன்று வேண்டுமாம். கேட்டால், 'கீழ்வீட்டு சௌந்தரே ஐயாயிரம் தருகிறான், எனக்கு அவமானம்' என்கிறார். நீங்கள் எங்கே ஐயாயிரம் தந்தீர்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியோ, அவரும் சீட்டைக் காட்டினார். பார்த்தேன். தொகையைத் திருத்திவிட்டேன்."

"திருத்தினீர்களா? ஏற்றினீர்களா, இறக்கினீர்களா?"

ஷ்யாமல்தாவின் முகத்தில் முப்பத்தைந்து வருட அரசாங்க ரகசியம் இறங்கியது.

"சௌந்தர்பாபு, ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்வது நம் கிளப்பின் பண்பாடில்லை. பலகையில் பாருங்கள். இன்றைக்கு அச்சு, நாளைக்கு வாசலில் நிற்கும்."

"எனக்கு ஆறு மணிக்குள் தெரிய வேண்டும் தாதா."

"எதற்கு?"

சௌந்தரராஜன் கைபேசியை எடுத்து நேரத்தைப் பார்த்தான். ஷ்யாமல்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சிவப்பு நோட்டை மூடி, கேரம் போர்டின் நடுவில், சிவப்புக் காய் வைக்கும் இடத்தில் வைத்தார்.

"இரண்டு டீ சொல்லிவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வெளியே போனார். மனிதர் நல்லவர். நோட்டைக் கையோடு எடுத்துப் போகவில்லை.

மணி ஐந்து நாற்பது. கைபேசியில் படிவம் திறந்திருக்கிறது. கடைசிக் கட்டம் காலி.

சௌந்தரராஜன் நோட்டின் மேல் கை வைத்தான்.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) நோட்டைத் திறக்கிறான். ராம்கி இவனைவிட இரண்டு பங்கு வாங்குகிறான். அந்த எண்ணைக் கட்டத்தில் போட்டு அனுப்புகிறான். அடுத்த மாதம் பைனாப்பிள் கேக். யாரோ ஒருவர் இரண்டு துண்டு சாப்பிடுகிறார். கேக்கின் மேல் மெழுகுவத்தியை ஊதும்போது அவன் கண்ணில்— வேண்டாம். பேராசைக்குத் தண்டனை என்று பாடநூலில் சேர்த்துவிடுவார்கள்.

(ஆ) நோட்டைத் திறக்கிறான். ராம்கி இவனைவிடக் குறைவாக வாங்குகிறான். சௌந்தரராஜனுக்கு உடம்பெல்லாம் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. வாங்குகிற சம்பளத்தையே கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டு, ராம்கி வீட்டுக்கு ஒரு பெட்டி நோலன் குட் சந்தேஷ், அதாவது புது ஈச்சவெல்லம் போட்ட இனிப்பு, வாங்கிக்கொண்டு போகிறான். 'எதுக்குடா இதெல்லாம்?' என்கிறான் ராம்கி. 'சும்மாதான்.' இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதிதான் சந்தேகத்தைக் கிளப்பிற்று. (தவிர, செப்டம்பரில் நோலன் குட் கிடைக்காது, அது குளிர்காலச் சரக்கு. சந்தோஷத்தில் பருவம் மறந்துபோய்விட்டது.)

(இ) நோட்டைத் திறக்கவில்லை. 'போதும்' என்ற ஒளி நெஞ்சில் பரவ, எழுந்து வெளியே வருகிறான். எளிமையின் மூங்கில்களுக்கிடையே மாலை வெயில். பரிசுக்கு அனுப்ப ஏற்ற முடிவு இதுதான். ஆனால் ஒருவன் மூன்று நாள் இவ்வளவு பாடுபட்டு நோட்டின் மேல் கை வைத்த பிறகு ஒளி பரவுகிறது என்றால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். அந்த நாற்பது நொடியில் மூக்குக்கண்ணாடி பக்கத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று—

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

9

ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

சௌந்தரராஜன் அட்டையைத் திறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் நான் வருகிறேன். ராம்கியின் பெயர் இருக்கிறது. எதிரே சம்பளத் தொகையை எழுதவேண்டியது நீங்கள். பென்சில் போதும்.

ராம்கி, நான்காம் மாடி: மாதம் ரூபாய் ……………

எழுதியாயிற்றா? நான் பார்க்கவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு கணம் உங்கள் சொந்தச் சீட்டின் கடைசி வரியை நினைத்துக்கொண்டீர்கள் அல்லவா? அதற்குக் கொஞ்சம் மேலே போடலாமா, கொஞ்சம் கீழே போடலாமா என்று பென்சில் தயங்கிற்று அல்லவா? போகட்டும். அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். அநாகரிகம்.

ஒன்றே ஒன்று. முதலிலிருந்து திருப்பிப் பாருங்கள். சௌந்தரராஜனின் சம்பளம் எவ்வளவு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு வரியிலும் இல்லை. ஆனாலும் இரண்டாம் பகுதியிலிருந்தே உங்கள் மனதில் அவனுக்கு ஒரு தொகை இருக்கிறது. எதை வைத்துப் போட்டீர்கள்? பஸ்ஸில் போகிறான் என்பதை வைத்தா? மனைவி டீச்சர் என்பதை வைத்தா? அறுபதுக்கு நாற்பதை வைத்தா? ஷ்யாமல்தா கடைசியிலாவது சீட்டை வாங்கிப் பார்த்தார்.

கேரம் போர்டுக்கு அந்தப் பக்கம் ஷ்யாமல்தாவின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். தகுதி உங்களுக்கு இருக்கிறது.

மணி ஐந்து ஐம்பத்தாறு. வாசலில் ஷ்யாமல்தாவின் செருப்புச் சத்தமும் டீக்கிளாஸ்கள் மோதுகிற சத்தமும் கேட்கின்றன. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடிக்கிறது. சௌந்தரராஜன் நோட்டிலிருந்து தலையைத் தூக்குகிறான். ராம்கியிடம் பதினோரு வருடமாகக் கேட்காததை, லிஃப்டில் கேட்க வாய் வராததை, இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. உங்களுக்கு எவ்வளவு வரது?"